விளிம்பில் விழும் அடி

துப்பாக்கியைப் பற்றித் தமிழில் எழுத முற்பட்டால் முதல் இடையூறு சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. துருக்கிய மூலத்திலிருந்து பல மொழிகளின் கைமாறி நம்மிடம் வந்துசேர்ந்த சொல் அது. வான்சிறப்பு அதிகாரத்தில் மழையைப் பற்றிய குறளில் இதே ஒலிக்கூட்டு வருகிறதென்றாலும் இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. பள்ளிக்கூட நகைச்சுவைக்கு அது உதவியதோடு சரி. பொருளளவில் நம் நினைவில் துப்பாக்கிக்கு இருக்கும் இடங்கள் மிகச் சில. வங்கி வாசலில் முக்காலியில் அமர்ந்திருக்கும் காவலாளியின் மடியில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி, நரிக்குறவர் தோளில் ஒரு நாட்டுத் துப்பாக்கி, மற்றபடி திரைப்படங்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சாமானிய இந்தியனின் கையிலிருந்து துப்பாக்கியை அகற்றியது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமம் என்னும் உயர்ந்த மதிலைத் தக்கவைத்துக்கொண்டது. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் அதன் விளைவாக, துப்பாக்கி என்றால் ஒன்று சீருடை, அல்லது குற்றம் என்றே நம் மனம் பழகிவிட்டது. பயிற்சிக்கான கருவியாக, மூச்சையும் கண்ணையும் ஒழுங்குபடுத்தும் ஒரு சாதனமாக அதைக் காண்பதற்கு நம்மிடம் சொற்களும் குறைவு, அனுபவமும் குறைவு. இக்கட்டுரை அந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

நான் வசிப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். துப்பாக்கி வாங்கியிருக்கிறேன் என்றதும் தமிழ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘பாதுகாப்புக்கா?’ என்பது. கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சம் பொய்யானதன்று. 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், வேலை முடிந்து மதுவகத்தில் நண்பருடன் அமர்ந்திருந்த பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா, ‘என் நாட்டை விட்டுப் போ’ என்று கத்திய ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் எனக்குத் தெரிந்த சிலர் கைத்துப்பாக்கி வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. வெறுப்பு கொண்ட ஒருவன் எந்த நொடியில் எந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவான் என்று காத்திருக்கும் வாழ்க்கையைத் துப்பாக்கி எளிதாக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த நாட்டில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் இருக்கும் துப்பாக்கி வெளியே நிற்கும் பகைவனைக் காட்டிலும் உள்ளே இருப்பவரின் இருண்ட மணித்துளிக்கே அருகில் இருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஆகவே என் துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறது. தோட்டாக்கள் வேறோர் அறையில், வேறொரு பூட்டில்.

பின் எதற்காக? அலுவலகத்தில் உடன் பணியாற்றிய ஒரு பெரியவர் ஒருநாள் தன்னுடன் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றார். பத்துத் தோட்டாக்கள் சுட்டேன். பத்தாவது தோட்டாவின்போது, அன்று முழுவதும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்ததை உணர்ந்தேன். அவ்வளவுதான். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டியில் பயன்படுவதும் இதே .22 தோட்டாதான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நம்மூர்ச் சட்டைப் பொத்தானின் அளவு. அதை 50 மீட்டர் தொலைவிலிருந்து, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் அடிக்க வேண்டும்.

* * *

வாங்குவதற்கு முன்னர்ச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, வாசகர்களில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பதால். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1998 முதல் பொதுவாகத் தடை விதித்திருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விதிவிலக்குகள் உண்டு. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. கடையில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் குடியுரிமை நிலையைப் பற்றிய கேள்விகளும் உண்டு. அங்கே உண்மைக்குப் புறம்பாக எழுதுவது கடுங்குற்றம். ஐயம் இருப்பவர்கள் நண்பர்களின் வாய்மொழியை நம்பாமல் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. ஒரு வார இறுதிப் பொழுதுபோக்குக்காக வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இனி கருவி. பெரும்பாலான தோட்டாக்களில் பின்புறத்தின் நடுவில் ஒரு சிறு மூடி இருக்கும். ஊசி அதில் அடித்தால் தீப்பொறி பிறக்கும். ரிம்ஃபயர் தோட்டாவில் அந்த மூடி இல்லை. எரிதூண்டு மருந்து, தோட்டாவின் அடிப்புறத்தில் வெளியே மடிந்திருக்கும் விளிம்புக்குள் தடவப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பின் ஓர் ஓரத்தை நசுக்க வேண்டும். நசுங்கக்கூடிய மெல்லிய பித்தளை என்பதால் உள்ளே அதிக அழுத்தத்தை உண்டாக்க முடியாது. சுட்டபின் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதும் நடைமுறையில் இயலாது. ஆகவே சிறியது, மலிவானது, அமைதியானது. இன்று உலகெங்கும் புழங்கும் .22 லாங் ரைஃபிள் என்னும் வடிவம் 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தாரிடமிருந்து வந்தது. அதன் வழக்கமான ஈயக்குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம்.

போல்ட் என்பதைத் தாழ்ப்பாள் என்றே கொள்ளலாம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போலவே தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கிப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இந்த நான்கு அசைவுகள். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இதைவிட அதிகமாக விற்பனையாகின்றன. ரூகர் நிறுவனத்தின் 10/22 என்ற துப்பாக்கி 1964 முதல் அவ்வகையில் அசைக்கமுடியாத பெயருடன் நிற்கிறது. நல்ல துப்பாக்கிதான். ஆனால் பத்துத் தோட்டாக்கள் வரிசையில் காத்திருக்கும்போது விரல் அவசரப்படுகிறது. தாழ்ப்பாள் அந்த அவசரத்துக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளியை வைக்கிறது. கற்பவனுக்கு அந்த இடைவெளியில்தான் பாடம் இருக்கிறது: சற்றுமுன் என்ன செய்தேன், குறி எங்கே இருந்தது, விசையை அழுத்தினேனா அல்லது வெடுக்கென்று இழுத்தேனா?

என் பார்வைக்கு வந்தவை நான்கு. சாவேஜ் நிறுவனத்தின் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், செக் நாட்டின் சிஇசட் 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ். ஜெர்மனியின் அன்ஷுட்ஸ் துப்பாக்கிகளையும் கையில் எடுத்துப் பார்த்தேன். 1856 முதல் இத்தொழிலில் இருக்கும் நிறுவனம். விலைச்சீட்டைப் படித்ததும் அருங்காட்சியகப் பொருளை வைப்பதுபோல் மெதுவாகத் திருப்பி வைத்தேன்.

சாவேஜின் சிறப்பு அதன் விசை. எவ்வளவு அழுத்தத்தில் விடுபட வேண்டும் என்பதை வாங்கியவரே திருகி மாற்றிக்கொள்ளலாம். நான்கில் விலையும் குறைவு. கட்டைதான் சற்று மெலிவு. ரூகரில் 10/22 துப்பாக்கியின் சுழல் வடிவத் தோட்டாப்பெட்டியே பொருந்தும், எங்கும் கிடைக்கும். கன்னம் பதியும் பகுதியை உயரமாகவும் தாழ்வாகவும் மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. டிக்காவின் போல்ட் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிச் செல்லும். ஆனால் அதன் நெகிழிக் கட்டையில் என் உள்ளங்கை ஒட்டவில்லை. இதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. செக் துப்பாக்கியின் போல்ட்டை 60 பாகை தூக்கினால் போதும், கைவிரல் மேலிருக்கும் தொலைநோக்கியில் இடிக்காது. வாதுமை மரக்கட்டை. விசையையும் மாற்றியமைக்கலாம்.

இணையத்தில் இவை நான்கையும் பற்றிப் படித்தால் மனிதன் பித்தனாகிவிடுவான். அரை அங்குலத்துக்குள் ஐந்து துளைகள் விழுந்ததாக ஒருவர் படம் போடுவார். கால் அங்குலம் என்று அடுத்தவர் சவால் விடுவார். உண்மையில் நால்வரில் யாரை வாங்கினாலும், முதல் ஓராண்டுக்குத் துப்பாக்கியின் துல்லியம் சுடுபவனின் துல்லியத்தைவிட மேலாகவே இருக்கும். எனவே நான் பார்த்தது வேறொன்றை. அமெரிக்கக் கட்டைகள் அமெரிக்கத் தோள்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் நுனி விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது பழைய, கரடுமுரடான சோதனை. பின்பு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறந்தால் தொலைநோக்கியின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ சுருக்கியோ தேட வேண்டியிருந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி அன்று. நான்கில் சிஇசட் எனக்குப் பொருந்தியது. அதை வாங்கினேன்.

துப்பாக்கியோடு தேர்வு முடிவதில்லை. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. இது மூடநம்பிக்கை போல் தோன்றினாலும் காகிதத்தில் கண்கூடாகத் தெரியும். ஐந்தாறு வகைத் தோட்டாக்களை வாங்கி, 50 கஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டு, துளைகள் நெருங்கி விழுவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் ‘அதிவேகம்’ என்று அச்சிட்டிருப்பதில் மயங்க வேண்டாம். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதற்கு மேலான வேகத்தில் கிளம்பும் சிறு குண்டு, வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. போட்டித் தோட்டாக்கள் தொடக்கத்திலேயே ஒலியைவிட மெதுவாகச் செல்வது அதனால்தான்.

* * *

சுடுதளத்தில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: ‘விளையாட்டுத் துப்பாக்கி’. பக்கத்து மேசையில் பெருந்துப்பாக்கி வைத்திருப்பவர் நம் .22ஐப் பார்த்துப் புன்னகையுடன் சொல்வது. அவருடைய துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் என் மேசையில் தோட்டாக்கள் குதிக்கும். இந்த ஏளனம் என்னைப் புண்படுத்துவதில்லை, ஆனால் கவலைப்படுத்துகிறது. 1968இல் ராபர்ட் கென்னடி இறந்தது .22 தோட்டாவினால். 1981இல் அதிபர் ரேகனின் நுரையீரல் வரை சென்றதும் .22 குண்டுதான். சாதாரணத் தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைப்பவரின் கை, விளையாட்டுப் பொருளைக் கையாள்வதுபோலவே கையாளும். அதனால் இப்போதெல்லாம் அந்தச் சொல்லுக்கு நான் சிரிப்பதில்லை. பெட்டியைத் திருப்பி அந்த வாசகத்தைக் காட்டுகிறேன்.

அடுத்தது, கேட்காமலே வரும் ஆசான்கள். தோளைத் தட்டி, ‘இப்படிப் பிடி’ என்பார்கள். அவர்களில் நிஜமான ஆசான்களும் உண்டு என்பதுதான் சிக்கல். தோட்டா வெடிக்காமல் போனால் உடனே போல்ட்டைத் திறக்காதே, குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடி எண்ணு, மருந்து தாமதமாகப் பற்றக்கூடும் என்று எனக்குச் சொன்னவர் அப்படிக் கேட்காமல் வந்தவர்தான். வீட்டில் தோட்டாவின்றி விசைப் பயிற்சி செய்யும்போது ஊசி வெற்று அறையின் விளிம்பில் மோதிப் பழுதாக்கக்கூடும், அதற்குச் சுவரில் திருகாணி பதிக்க உதவும் மஞ்சள் நெகிழி ஆப்பை அறையில் செருகிக்கொள் என்றவரும் அவரே. ஒரு பை நிறைய வன்பொருள் கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது. எனவே ஒரு வரையறை வைத்துக்கொண்டேன். பாதுகாப்பைப் பற்றி யார் சொன்னாலும் உடனே கேட்பேன். சுடும் முறையைப் பற்றிச் சொன்னால் நன்றி கூறி, ‘இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன்’ என்பேன். உண்மையான ஆசான் காத்திருப்பார். மற்றவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

என் மனைவிக்கு நேர்ந்தது வேறு. அவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர், ஆனால் ஆதிக்கக் கண் இடது. இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தொலைவிலிருக்கும் பொருளை இரு கண்ணாலும் பார்த்து, பின் ஒவ்வொரு கண்ணாக மூடினால் இது தெரிந்துவிடும். நாங்கள் சென்ற கடையில் விற்பனையாளர் அவரைக் கேளாமல் என்னிடம் திரும்பி, இளஞ்சிவப்புக் கட்டை பூட்டிய சிறுவர் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். மனைவி அதை வாங்கி, போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று பார்த்துவிட்டு, ‘இடக்கைப் போல்ட் உள்ளது வேண்டும், கறுப்பில் இருந்தால் போதும்’ என்றார். சாவேஜ் மார்க் 2 இடக்கை வடிவில் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியவில்லை. சுடுதளத்திலும் முதல் சில வாரங்கள் அவர் செய்வதைப் பற்றிய அறிவுரைகள் எல்லாம் என்னிடமே சொல்லப்பட்டன. ‘அவரிடமே சொல்லுங்கள்’ என்பதைத் தவிர வேறெதுவும் நான் சொல்வதில்லை. பலர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள்.

அரசியல்தான் கடினமானது. பல மன்றங்களில் சேர வேண்டுமானால் தேசிய ரைஃபிள் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். 1871இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கிய அமைப்பு அது. 1977இல், எங்கள் மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், துப்பாக்கிச் சட்டங்களை எதிர்ப்பதே முதற்பணி என்ற தரப்பு அதன் தலைமையைக் கைப்பற்றியது. அந்த அரசியல் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே அந்த நிபந்தனை இல்லாத மன்றத்தைத் தேடினேன். நாற்பது நிமிடம் கூடுதலாகக் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது. அங்கும் வாகனங்களின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் வாசகங்கள் பல எனக்கு எதிரானவையே. ஆனால் மேசைக்கு முன்னால் அமர்ந்தபின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மட்டுமே பேசுகிறோம்.

* * *

ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். சுடுதளத்தில் இலக்குக் காகிதத்தை மாற்ற ஆட்கள் முன்னே செல்லும் நேரங்களில் சுடுவது நிறுத்தப்படும். எல்லோரும் போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று காட்டும் மஞ்சள் நெகிழித் துண்டைச் செருகி, தரையில் வரைந்த கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். முன்னே ஒருவர் இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அன்று என் மனைவியும் இன்னொருவரும் 50 கஜக் கோட்டில் நின்றிருந்தார்கள். நான்கு மேசை தள்ளி, மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கோட்டைத் தாண்டிச் சென்று அமர்ந்து, தன் துப்பாக்கியின் பின்புறம் கையை வைத்துத் தொலைநோக்கியைத் திருகத் தொடங்கினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அனைவரும் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

‘முன்னே ஆட்கள் இருக்கிறார்கள், கையை எடுங்கள்’ என்று உரக்கச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். ‘காலித் துப்பாக்கி. நீ இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே நான் சுட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றார். அவர் சொன்னதில் இரண்டாவது வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். முதல் வாக்கியத்துக்குத்தான் பதில் தேவைப்பட்டது. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா ஏறியதே என்று கொள்வதுதான் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளில் முதலாவது. காலி என்று உரியவர் உறுதியாக நம்பிய துப்பாக்கிகளும் வெடித்திருக்கின்றன, விதி அதனால்தான் பிறந்தது. நான் அவரிடம் வாதிடவில்லை. தள அதிகாரியை அழைத்தேன். அவர் வந்து, குரலை உயர்த்தாமல், நான் சொன்ன அதே சொற்களைச் சொன்னார். மூத்தவர் எழுந்தார். முன்னே சென்றவர்கள் திரும்பியதும் தன் பொருட்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மனைவி காரில் ஏறியபின்தான் என் கை நடுங்கத் தொடங்கியது.

சுடுதளங்களின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அபாயம் என்று கண்டால் ‘சுடுவதை நிறுத்து’ என்று கூவும் உரிமை அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு, பார்க்க வந்த சிறுமிக்கும் உண்டு. குரல் எழுந்தால் அனைவரும் நிறுத்தியாக வேண்டும். காரணம் பிறகு கேட்கலாம். எந்த உச்சரிப்பில் அந்தச் சொல் வந்தது என்பது அங்கே கணக்கில்லை. குடியேறியவனாக இந்நாட்டில் நான் நுழையும் அறைகளில், முதல் நாளிலேயே இத்தனை அதிகாரத்தை எழுத்தில் தரும் அறை வேறொன்றை நான் அறியேன். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால் பிறகு சிலர் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்பதும் அதே அறையின் உண்மைதான். எழுதிய விதி ஒருபுறம், எழுதாத வரிசை மறுபுறம். இரண்டுக்கும் இடையில்தான் நம்மைப் போன்றவர்கள் மேசை போட்டு அமர்கிறோம்.

அந்த மூத்தவர் இரண்டு மாதங்கள் கழித்துத் திரும்ப வந்தார். என் வணக்கத்துக்கு இன்றுவரை பதில் சொல்வதில்லை. ஆனால் முன்னே ஆட்கள் இருக்கும்போது கோட்டுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அது போதும்.

இவ்வழியில் வர நினைப்போருக்குச் சில சொற்கள். முதலில் துப்பாக்கி வாங்காதீர்கள். அறிமுக வகுப்பு ஒன்றுக்குச் சென்று இரவல் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வாங்குங்கள். பூட்டும் பெட்டியை வாங்குங்கள். மன்றத்தை ஒருமுறை சும்மா சென்று பாருங்கள். அங்கே தள அதிகாரி புதியவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும், பழையவரிடம் அதே விதியை அதே குரலில் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். துப்பாக்கிகளின் ஒப்பீட்டு அட்டவணைகளைவிட அது முக்கியம். பிறகு, உங்கள் தோளுக்குப் பொருந்துகிற எந்த போல்ட் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான்.